ஆடிக்கு முன்னால் விட்ட வீடு

பெரம்பலூரில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது அரியலூரில், வாடகை வீட்டில். இதைக் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் கணவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு, "அது முதலீடுங்க" என்பார். அந்தச் சொல்லை அவர் எங்கே பிடித்தார் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெறுகிற வருஷம் ஆலை கேண்டீனில் பிடித்தார். அதுவரை எங்கள் வீட்டில் செலவு என்ற ஒரு சொல்தான் புழக்கத்தில் இருந்தது.

அவருக்குச் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வாசலில் நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினால் உள்ளேயிருந்து ஒரு கறுத்த இளைஞர் வெளியே வருவார். பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் வெள்ளை போகாத வயது வந்தது. மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆலை குவார்ட்டர்ஸ் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. கிடைக்கப்போகிறது என்ற செய்தி மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி கிடைக்கும். அதனால் அரியலூரில் தெருத்தெருவாகக் குடியிருந்தோம். கல்யாணமாகி வந்த முதல் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். சரக்கு வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் பேச ஆரம்பிக்கும். உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே வளர்ந்தவள் நான். ராத்திரியில் நரி ஊளையிட்டால் தூங்குவேன், ரயில் ஊதினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். மூன்று மாதம் கழித்துப் பிறந்த வீட்டுக்குப் போனபோது ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஒட்டிக்கிட்ட போ" என்றார்.

அந்த வீட்டை இன்று நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல். மழை பெய்தால் ஒழுகும் இடங்கள் எங்களுக்கு மனப்பாடம். பாத்திரம் வைக்க வேண்டிய இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கால் நீட்டிப் படுப்போம். அவர் சம்பளத்தன்று மல்லிகைப் பூவும் சூடான போண்டாவும் ஒரே பையில் போட்டு வாங்கி வருவார். பூவில் எண்ணெய் வாசனை, போண்டாவில் பூ வாசனை. திட்டிக்கொண்டே இரண்டையும் வைத்துக்கொள்வேன்.

வீடு மாறுவது அப்போது பெரிய வேலை இல்லை. ஒரு தட்டுவண்டி போதும். முதலில் உப்பு, மஞ்சள், நிறைகுடத்தில் தண்ணீர், சாமி படம் இவற்றோடு நான் போய்ப் பால் காய்ச்சிவிடுவேன். பின்னால் அவர் வண்டியோடு வருவார். முதல் டம்ளர் பால் ஓனர் வீட்டுக்குப் போகும். அதை வாங்கிக் குடிக்கும்போதே ஓனரம்மாக்கள் சட்டதிட்டங்களைச் சொல்லத் தொடங்குவார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அம்மியில் ராத்திரி அரைக்கக் கூடாது. ஊரிலிருந்து ஆள் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நான் தலையை ஆட்டுவேன். ஆட்டி ஆட்டியே எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது என்று அவரிடம் சொல்வேன்.

ஒரே ஒரு வீட்டில்தான் நான் தலையை ஆட்டவில்லை. எங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் அது. பொதுத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, கீழே கடை வைக்கப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று வந்து நின்றார் அந்த ஓனரம்மா. பரீட்சை முடியட்டும் என்று கெஞ்சினேன். முடியாது என்றார். மகன் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு மழையில் வீடு மாறினான். புது வீட்டில் ஒரு மாதம் கரண்டு சரியில்லை. அவனுக்கு நினைத்த மார்க் வரவில்லை, நினைத்த படிப்பும் கிடைக்கவில்லை. கிளம்பும் அன்று அந்த வீட்டு வாசலில் இரண்டு கை மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். யாரும் போ என்று சொல்ல முடியாத ஒரு வீட்டில் என் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். நகை, பட்டுப்புடவை, காசி யாத்திரை எதுவும் நான் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். அதுவும் வாரம் தவறாமல் கேட்டேன்.

ஓய்வுப் பணம் வரப்போகிற செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தது. முதலில் அவர் உடம்பை விசாரிப்பார்கள், அடுத்து என் உடம்பை, மூன்றாவதாக பி.எஃப். பணத்தை. ஒருவர் வேன் வாங்கி ஓட்டச் சொன்னார், டிரைவராக அவர் மகனே தயாராக இருந்தான். இன்னொருவர் செங்கல் சூளையில் பங்கு கொடுப்பதாகச் சொன்னார். அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் பழம் அழுகி ஈ மொய்த்தது. நான் எல்லோருக்கும் காபி கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தேன்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் மொத்தப் பணத்தையும் அதிக வட்டி தருகிறோம் என்ற இடத்தில் போட்டுத் தொலைத்துவிட்டு, அறுபது வயதுக்கு மேல் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அவரை யூனிபார்மில் பார்த்துவிட்டு வந்த அன்று என் கணவர் சாப்பிடவில்லை. பேங்கில் போட்டால் வட்டி வருஷத்துக்கு வருஷம் இளைக்கிறது. எங்களுக்கு வருகிற பென்ஷனோ பால்காரருக்கும் கரண்டு பில்லுக்கும் சரியாகப் போய்விடும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒருநாள் சொன்னார்.

"வூடு கட்டிடலாம். பெரம்பலூர்ல."

"பெரம்பலூர்லயா? அங்க நமக்கு யாரு இருக்கா?"

"காலேஜ் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, ஹைவே இருக்கு. வூடு காலியாவே கிடக்காது. நாளைக்கு நமக்கு முடியாட்டியும் வாடகை வந்துகிட்டு இருக்கும்."

"நாம இருக்கறதுக்குக் கட்டுறோமா, வாடகைக்கு வுடக் கட்டுறோமா?"

"ரெண்டுக்குந்தான்" என்றார். அந்தப் பதிலை நான் அப்போதே எடை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் மிச்சமெல்லாம் எனக்குக் கேட்கவில்லை.

மக்காச்சோளக் காடாக இருந்த இடத்தில் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். கரிசல் மண். மழைக்குப் பூரிக்கும், வெயிலுக்குப் பிளக்கும், அஸ்திவாரம் ஆழமாகப் போனால்தான் சுவர் நிற்கும் என்றார் மேஸ்திரி. ஆழமாகப் போனது. பணமும் கூடவே போனது. வாழ்நாளெல்லாம் சிமெண்ட் மூட்டை அனுப்பிய மனுஷர், முதன்முதலாகத் தன் பேருக்கு மூட்டை வந்து இறங்கியபோது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "பிள்ளையா சார் பெத்திருக்கு, மூட்டதான் வந்திருக்கு" என்றார்.

தினமும் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விடுவோம். தூக்குவாளியில் புளிச்சோறு, பாட்டிலில் மோர். எழும்பாத சுவருக்கு நடுவே சாக்கு விரித்து, இது ஹால், இது சமையற்கட்டு என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுவோம். பக்கத்துக் காட்டில் சின்ன வெங்காயம் அறுக்க வந்த பெண்கள் ஒரு கை வெங்காயம் அள்ளிக் கொடுப்பார்கள். அந்த வருஷத்தில் நாங்கள் பேசியது போல முன்னாலும் பேசியதில்லை, பின்னாலும் பேசியதில்லை. திரும்பும் பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்குவார். ஊரே பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அவர் அஸ்திவாரத்தைக் கவனித்தார், நான் மற்றதையெல்லாம் கவனித்தேன். வாடகை வீடுகளில் எது எது இல்லாமல் நான் தவித்தேனோ அதெல்லாம் அந்த வீட்டில் இருக்கிறது. சுவர் பூசும்போதே அறைக்கு நாலு இடத்தில் இரும்புக் கொக்கி பதிக்கச் சொன்னேன். இனி எவரும் ஆணிக்கு அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. பின்பக்கம் துவைக்கிற கல், அதன்மேல் வெயில் படாமல் ஒரு தகரக் கூரை. சமையல் மேடை கட்டும்போது மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, அடுப்பாண்ட நிக்கிற மாதிரி நில்லுங்க."

நின்றேன். கரண்டி பிடிப்பது போல் கையை வைத்துக்காட்டினேன். நான் குள்ளம். எந்த வீட்டிலும் மேடை என் நெஞ்சுக்கு நிற்கும், எட்டி எட்டிக் கிண்டுவேன். மேஸ்திரி என் முழங்கைக்குக் கீழே கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் மேடை வந்தது. பெரம்பலூரிலேயே உயரம் குறைந்த சமையல் மேடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் புதுமனை புகுந்தோம். பால் பொங்கியது. தெருவில் சாமியானா போட்டுப் பந்தி நடந்தது. அன்று ராத்திரி சொந்தக்காரர்களோடு வரிசையாகப் படுத்துக்கொண்டு, புது பெயிண்ட் வாசனையில் விடிய விடிய விழித்திருந்தேன். காலையில் எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்டு நாங்களும் அரியலூர் திரும்பினோம். ஆனிக் கடைசிக்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விடுவது என்று பேச்சு. நான் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தேன்.

ஆனி முடிய நாலைந்து நாள் இருக்கும். கேட்டுக்குப் பூட்டு மாற்றப் போகிறேன் என்று பெரம்பலூர் போனவர் சாயங்காலம் கையில் ஒரு பால்கோவா டப்பாவோடு வந்தார். நான் கேட்காமலேயே அவர் இனிப்பு வாங்கி வந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"வூட்டுக்கு. ஆஸ்பத்திரியில லேப் வேல பாக்குற பையன். பொண்டாட்டி, ஒரு சின்னப் பொண்ணு. நல்ல குடும்பம். ஆடிக்கு முன்னாடி பால் காய்ச்சணுங்கிறாங்க. ஆடி பொறந்துட்டா அப்புறம் யாரு வருவா? சும்மா பூட்டிப் போடணும்."

எங்கள் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதமும் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஓனராகி ஒரு மாதம் முடிவதற்குள் அந்தப் பயம் இவருக்கும் வந்துவிட்டது. நாங்களேதான் அங்கே குடிபோகப் போகிறோம், வீடு பூட்டிக் கிடக்க வழியே இல்லை என்பது அந்தப் பயத்தில் மறந்துபோயிருக்கிறது. நான் கட்டிவைத்த சாக்குகளைக் காட்டினேன். அவர் அவற்றைப் பார்த்துவிட்டு டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அஸ்திவாரத்துக்கே இவ்ளோ போயிடுச்சுல்ல. ஒரு வருசம் வாடகை வந்தா சமாளிச்சுக்கலாம். ஒரே வருசம். இங்க வாடகை கம்மி, அங்க வர்றது கூட. மிச்சத்துல நம்ம சாப்பாடு ஓடிடும். அடுத்த ஆனிக்கு நாம போயிடலாம்."

சண்டை போட்டேன். அவர் போட்ட கணக்கும் பொய்யில்லை. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் ஆடியில் நடுத்தெருவில் நிற்கும், அதையும் செய்ய முடியாது. சாக்குகளை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழையபடி அடுக்கினேன். அடுக்கும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

அவர்கள் பால் காய்ச்சிய அன்று நாங்கள் சாவி கொடுக்கப் போயிருந்தோம். அந்தப் பெண் நல்ல உயரம். முதல் டம்ளர் பாலை என்னிடம் நீட்டி, "ஓனரம்மா, எடுத்துக்குங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பாலில் சர்க்கரை தூக்கல். அந்தக் குட்டிப் பெண் கொக்கி ஒன்றைப் பிடித்து ஊஞ்சல் ஆடப் பார்த்தாள், அவள் அம்மா பயந்து போய் இழுத்துக்கொண்டாள். நான் சட்டதிட்டம் எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வரவும் இல்லை.

அந்த ஒரு வருஷம் அப்படியே பல வருஷமாக நீண்டுவிட்டது. ஒவ்வொரு ஆனியிலும் நான் கேட்பேன், ஒவ்வொரு ஆனியிலும் ஒரு காரணம் இருக்கும். அவர் முழங்கால், என் கண் ஆபரேஷன், விலைவாசி, கொரோனா. கொரோனா சமயத்தில் அந்த வாடகைதான் எங்களைக் காப்பாற்றியது, அதை நான் மறுக்க மாட்டேன். மாதம் பிறந்தால் அவர் போனில் பணம் வந்த சத்தம் கேட்கும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, செய்தியை இரண்டு முறை படித்து, "வந்துடுச்சு" என்பார். சென்னையில் வேலை பார்க்கும் மகன், இரண்டு ஊரையும் விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்பான். சென்னையில் எனக்கு மூச்சு முட்டும்.

அரியலூரில் நாங்கள் கடைசியாகக் குடியிருந்த சந்து வீட்டைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. அதில்தான் அதிக வருஷம் இருந்தோம். ஓனர் ஐயா தங்கமான மனுஷர். கொல்லையில் நான் வைத்த கறிவேப்பிலை கூரையைத் தாண்டி வளர்ந்தது, தெருவே வந்து பறித்துக்கொண்டு போகும். சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்டேஷன் வரை நடந்துபோய், எங்கேயும் போகாமல் ரயிலை மட்டும் பார்த்துவிட்டு வருவோம். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், டீ விற்கிறவர் எல்லோரையும் பற்றி அவர் ஏதாவது சொல்வார், நான் அதை மறுப்பேன். சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பெரம்பலூர் சமையற்கட்டு கண்முன் வந்து நிற்கும்.

போன கார்த்திகையில் ஓனர் ஐயா வந்தார். உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், அப்புறம் மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வீடு காலி பண்ணியவளுக்கு இது தெரியாதா? வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுகிறானாம்.

"மார்கழி பொறக்கறதுக்குள்ள பாத்துக்கிட்டீங்கன்னா நல்லதுங்க" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நாங்கள்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினோம்.

அவர் போனதும் எனக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று எழும்பியது. மறைப்பானேன், எழும்பியது. அரியலூரில் வாடகை இப்போது எங்கேயோ போய்விட்டது. புதிதாக ஒரு வீடு பிடித்தால் பெரம்பலூரில் வருவது இங்கேயே போய்விடும். அப்புறம் எதற்கு இங்கே இருக்க வேண்டும்? என் கணவரும் அதையேதான் சொன்னார்.

"நம்ம வூட்டுக்கே போயிடலாம். நீ போயி அவங்ககிட்ட சொல்லிட்டு வா."

"நானா? அட்வான்ஸ் வாங்குனது யாரு?"

"எனக்கு முழங்கால் வலி. அதுவுமில்லாம எனக்குச் சொல்ல வராது. உன் வாய்க்குத்தான் காரியம் நடக்கும்."

என் வாய்க்கு முதன்முதலாக அவர் கொடுத்த மரியாதை அது. மறுநாள் காலை மழைத் தூறலில் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மார்கழிக்குள் காலி பண்ணிக் கொடுங்கள், எங்களுக்கு வேறு வழியில்லை. இரண்டே வரிதான்.

கேட்டைத் திறந்ததும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கம்மா, வாங்க. என்னங்கம்மா மழையில இவ்ளோ தூரம்?"

எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? "சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்தேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றேன்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. அவள் மகள் வீட்டில் இருந்தாள், அன்று கொக்கியில் ஊஞ்சலாடப் பார்த்த அதே குட்டி. இப்போது அம்மா தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

"இன்னைக்குப் பொதன்கெழமைங்களே பாட்டி" என்றாள் அவள். "கோயில் தொறக்க மாட்டாங்களே."

சிறுவாச்சூர்க் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். பொய் சொல்ல எனக்கு வேறு கோயிலே கிடைக்கவில்லை. அம்மாக்காரி மகளை ஒரு பார்வை பார்த்தாள், அவள் உள்ளே போய்விட்டாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அந்த நிமிஷமே அம்மாக்காரிக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு, நிறுத்தாமல் பேச ஆரம்பித்தாள்.

"மாடியில தண்ணி நிக்க வுடுறதில்லங்கம்மா, நேத்துகூட கூட்டி வுட்டேன். மோட்டார் மக்கர் பண்ணுச்சு, நாங்களே ஆள் வச்சுப் பாத்துக்கிட்டோம், உங்களத் தொந்தரவு பண்ணல. வாடகை ஒரு மாசம்கூட தள்ளிப் போனதில்லங்கம்மா."

அந்தப் பேச்சு எனக்கு நன்றாகத் தெரியும். அது என் பேச்சு. ஓனரம்மா வாசலில் வந்து நின்றால் என் வாயிலிருந்து இப்படித்தான் கொட்டும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. எழுந்து சமையற்கட்டுப் பக்கம் போனேன்.

என் மேடைமேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு பலகை போட்டு, அதன்மேல் அடுப்பு இருந்தது. அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எனக்கு இடுப்பு வலின்னு எங்க வூட்டுக்காரருதான் பலகை வச்சுக் குடுத்தாரு. மேடைய ஒன்னும் பண்ணலங்கம்மா. எடுத்தா பழையபடி ஆயிடும்."

"இவ்ளோ வருசமா குனிஞ்சேவா சமைச்ச? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ஓனர்கிட்ட எப்படிங்கம்மா சொல்றது?"

பக்கத்து அறையைப் பார்த்தேன். வாசல் பக்க ஜன்னலுக்குக் கீழே அவள் தையல் மெஷின், தைத்து முடித்த ஜாக்கெட்டுகள். சுவரில் நான் பதித்த கொக்கிகளில் கயிறு கட்டி, அதில் துணி உலர்த்துகிற கிளிப்பால் காகிதங்களை மாட்டியிருந்தார்கள். எல்லாம் கணக்கும் ரசாயனமும். மகள் அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்து, நான் போகும் வரை படிப்பது போல் குனிந்துகொண்டிருந்தாள்.

"பன்னெண்டாவதா?" என்றேன்.

"ஆமாம்மா. மாசியில பரீட்ச" என்றாள் அவள் அம்மா. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கெஞ்சிய மாதிரி இவளும் கெஞ்சிவிடுவாளோ என்று நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு அதற்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்றாள். அப்புறம் தயங்கினாள். "கருவாட்டுக் கொழம்புங்க. நீங்க கோயிலுக்குப் போறவங்க…"

"கோயில்தான் தொறக்கலியே. போடு" என்றேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அம்மாவும் சிரித்துவிட்டாள். தட்டு வைத்தாள். சூடான சோறு, கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட குழம்பு, ஒரு அப்பளம். நான் சாப்பிடும்போது மூன்றாவது கவளத்தில்தான் அது எனக்கு உறைத்தது. புதுமனை புகுந்த அன்று பந்தி பரிமாறிப் பரிமாறி நான் சாப்பிடவே மறந்துபோனேன். அதற்குப் பிறகு சாவி கொடுக்கவும், பெயிண்ட் பார்க்கவும் வந்து வந்து போனதோடு சரி. நான் அளவு கொடுத்துக் கட்டிய சமையற்கட்டில் வெந்த சோறு இன்றுதான் என் வாய்க்குள் போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"காரம் தூக்கலாங்கம்மா?" என்று பதறினாள்.

"இல்ல. நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."

கை கழுவிவிட்டு வந்து குடையை எடுத்துக்கொண்டேன். அவள் கேட் வரை வந்தாள்.

"நான் ஒன்னும் சொல்ல வரல" என்றேன். "புள்ளைய நிம்மதியா படிக்கச் சொல்லு. அதுக்கப்புறமும் உங்களுக்குச் சரிப்படற வரைக்கும் இருங்க. மேஸ்திரிய அனுப்புறேன், மேடைய உன் ஒயரத்துக்குத் தூக்கிக் கட்டிக்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் கருவாட்டு வாசனை, என் கையிலும் அதேதான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் வலிக்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் இறங்குவதற்குள் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"சாப்புடச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சாப்புட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்குத் திட்டவும் தயாராகத்தான் இருந்தேன். அவர் குடையை விரித்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, ஸ்டேஷன் பக்கம் இரண்டு வீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன், காலையில் போய்ப் பார்ப்போம் என்றார். சரி என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"என்ன கொழம்பு?" என்றார்.

"கருவாட்டுக் கொழம்பு" என்றேன். அவருக்கு உயிர் அது. "நம்ம வூட்டுச் சோறுங்க. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் சாப்புட்டேன்."

அவர் நின்றுவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"எனக்கும் கொஞ்சம் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.